கற்பூரம் அணைக்காதவர்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தபோது, விலையுயர்ந்த அளவுக் கருவி ஒன்று காணாமல் போனது. அந்த ஷிப்டில் வேலை பார்த்த ஏழு பேரையும், எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். ஆறு பேர் அணைத்தார்கள். ஏழாமவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் எடுக்கல சார். சர்ச்சுக்குப் போறவன், சத்தியம் பண்ணமாட்டேன்."

"இன்னாப்பா, கை சுட்டுடுமா?" என்று ஒருவன் சிரித்தான்.

அவர் தலைகுனிந்தார், குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தார், திமிர் என்று நினைத்தேன். அவர் எது செய்திருந்தாலும் எனக்கு அது சாட்சிதான். இயற்பியலில் முதுகலை படித்த நான், அணைக்காத கற்பூரத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, ஒப்பந்தத் தொழிலாளியான அவரை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றேன்.

மூன்று வாரம் கழித்து லேத் மெஷினைப் பழுதுபார்க்கக் கழற்றினோம். அடியில், இரும்புச் சுருள்களுக்குள் அந்தக் கருவி கிடந்தது. யாரும் எடுக்கவில்லை, தவறி விழுந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு, திரும்ப வேலைக்கு அழைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைப் பாதி மட்டும் திறந்தார்.

"அவரு காட்டுப்பள்ளி ஹார்பருக்கு வேலைக்குப் போய்க்கினு இருக்காரு. இப்ப இன்னா சார் காணோம்?"