அழிக்கச் சொன்ன வரிசை வீடுகள்

என் மனைவி பவுலின் மொரீசியஸ் தீவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தத் தீவின் கட்டடக்கலை வரலாறு என்று விற்கப்படும் தடித்த புத்தகத்தில் இருக்கும் வரைபடங்களில் பாதிக்கு மேல் அவள் வரைந்தவை. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில், காற்றில் தாள் பறக்கும் என்று மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்து வரைந்தவை. தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு இப்படிப்பட்ட வெளிநாட்டு வேலைகள் பெங்களூருக்கு வரத் தொடங்கியிருந்தன. இங்கே கோடு சுத்தம், கை மலிவு.

அவள் பாலிடெக்னிக்கில் படித்தவள். பிறந்தது அதே காக்ஸ் டவுனில், ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து பங்களாவின் பின்னால் இருந்த அவுட் ஹவுஸில். அவள் அம்மா அந்த வீட்டு ஆயா. சமையல்காரர், தோட்டக்காரர், ஆயா என்று மூன்று குடும்பங்களுக்கு ஒரே கூரை, ஒரே குழாய். பங்களாவை யாராவது வந்து படம் எடுத்தால், ஆயா வீட்டுக் கொடியில் காயும் துணியை முதலில் எடுக்கச் சொல்வார்களாம். பவுலின் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அலுவலகத்தை நடத்தியவர் சந்திரசேகரன். புத்தகத்தை எழுதியவர் லண்டனில் குடியேறிய பேராசிரியர் இளங்கோவன். மொரீசியஸில் இருந்த மாணவர்கள் பழைய தோட்ட முதலாளிகளின் மாளிகைகளை அளந்து, பென்சில் தாள்களை கூரியரில் அனுப்புவார்கள். பவுலினும் பக்கத்து மேசை முனிராஜும் அவற்றைப் பார்த்து ட்ரேசிங் தாளில் மையால் வரைவார்கள். பேராசிரியர் வந்து சிவப்புப் பென்சிலால் சில இடங்களைச் சுற்றிவிட்டுப் போவார். சுற்றிய இடத்தை பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். மை மட்டும் உரிய வேண்டும், தாள் கிழியக் கூடாது. அந்த வேலையில் பவுலினை மிஞ்ச ஆள் இல்லை.

எதைச் சுரண்டுவது என்பதற்கு ஒரு விதி இருந்தது. கட்டடம் முதலில் எப்படி இருந்ததோ அப்படிக் காட்ட வேண்டும். பின்னால் சேர்ந்தவை எல்லாம் போக வேண்டும். கேட்க நியாயமான விதிதான். அவளும் பல தாள்களை அப்படியே சுரண்டினாள். வெள்ளைக்காரர் போன பின் யாரோ அடைத்த வராந்தா, யாரோ கட்டிய கழிப்பறை, யாரோ நட்டு வைத்த சூலம்.

தொண்ணூற்று நான்கில் ஒரு மாளிகையின் தாள் வந்தது. மாளிகைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை வீடு. அளந்த மாணவர்கள் ஒவ்வோர் அறைக்குள்ளும் அங்கே குடியிருப்பவரின் பெயரை பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் குறித்திருந்தார்கள். பவுலின் ஒவ்வொன்றாக உரக்கப் படித்திருக்கிறாள்.

"சினத்தம்பூ... மூத்தூ... வீராப்பென். டேய் முனிராஜ், எல்லாம் நம்மாளுங்கடா!"

"வீரப்பனா? இங்க ரெண்டு ஸ்டேட் போலீசு காட்டுல தேடுது, அவன் தீவுல ரூம் எடுத்துக் குந்தினு கீறானா?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அதே வாரம் இளங்கோவன் வந்தார். வரிசை வீடு முழுவதையும் சிவப்பால் சுற்றினார்.

"இது எதுக்கு? இந்த இடத்துல புல்வெளி காட்டுங்க."

"சார், அதுல ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும்மா. இது கூலிங்களுக்கு அவசரத்துக்குப் போட்டது. கட்டடக்கலைன்னு சொல்ல முடியாது."

"இப்பவும் குடியிருக்காங்க சார். பேரு போட்டு வந்திருக்கு."

"இது வரலாற்றுப் புத்தகம். வோட்டர் லிஸ்ட் இல்ல."

சந்திரசேகரன் சிரித்தாராம். பவுலின் சிரிக்கவில்லை.

"நானும் ஒரு அவுட் ஹவுஸ்ல பொறந்தவதான் சார். என்னையும் சுரண்டிடுவீங்களா?"

"பர்சனலா எடுத்துக்காதீங்க. நானும் தமிழன்தான். எனக்கு அந்த மக்கள் மேல அக்கறை இல்லைன்னு நினைக்கறீங்களா?"

அவள் பிளேடை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். அன்றோடு அந்த வேலை போயிற்று. வரைபடம் முடிந்ததும் சரிபார்ப்பதற்காக அம்மோனியா பிரிண்ட் என்ற நகல் ஒன்று எடுப்பார்கள். அதை வரைந்தவரே வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் வழக்கம். வரிசை வீடும் பெயர்களும் இருந்த பிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சுரண்டியது முனிராஜ். மறுநாளே வந்து சொல்லிவிட்டுப் போனார். "இன்னா பண்றது சிஸ்டர், ரெண்டு பொண்ணு கீது." அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கும் இல்லை.

புத்தகம் வந்தது. பளபளப்பான தாள். மாளிகைக்குப் பின்னால் அழகான புல்வெளி. நன்றியுரையில் பவுலினின் பெயர் இருந்தது, "நேர்த்தியான கோடுகளுக்காக" என்று. அதைப் படித்தபோது அவள் முகம் இருந்த விதத்தை நான் எழுதப் போவதில்லை.

கோபத்தோடு வாழ்ந்து பழகிவிடலாம் என்று நினைத்தோம். இரண்டாயிரத்தில் முனிராஜ் ஓர் ஆங்கிலப் பத்திரிகையோடு வந்தார். அந்த மாளிகையை ஒரு ஹோட்டல்காரர் வாங்கிவிட்டார். தோட்டத்தை "ஆதி வடிவத்துக்கு" மீட்கப் போகிறார்களாம். அதற்கு ஆதாரம் இளங்கோவனின் புத்தகம். வரிசை வீட்டை இடித்தாயிற்று. குடியிருந்தவர்களைக் காலி செய்தாயிற்று. பக்கத்துப் படத்தில் புல்வெளி. அவள் வரைய மறுத்த புல்வெளி, நிஜமாகவே முளைத்து நின்றது.

"படத்துல இல்லாதவங்கள வெளிய தள்றது ஈசி" என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஆண்டு புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது. கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள்.

இரண்டாயிரத்து நாலில் இளங்கோவன் தொலைபேசியில் கூப்பிட்டார். எண்ணைச் சந்திரசேகரன் கொடுத்தாராம். முதலில் இரங்கல் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவர் இப்போது எழுதுவது மறக்கப்பட்ட கூலிகளின் வீடுகளைப் பற்றிய புத்தகம். உலகம் முழுக்க இப்போது அதைத்தான் கேட்கிறார்களாம். அங்கே அளந்த பென்சில் தாள்கள் தொலைந்துவிட்டன. அந்த வரிசை வீட்டின் வரைபடம் பவுலினிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

"யார் அழிச்சதுன்னு அந்தப் புத்தகத்துல எழுதுவீங்களா?" என்றேன்.

"காலனிய வரலாற்றெழுத்தின் மௌனங்கள்னு ஒரு அத்தியாயமே வருது."

"மௌனம் இல்ல சார். பிளேடு. உங்க சிவப்புப் பென்சில்."

அவர் மென்மையாகச் சொன்னார்: "உங்க வருத்தம் புரியுது. ஆனா அந்த மக்களை நினைச்சுப் பாருங்க. வெளியேத்தினவங்க கமிட்டி போட்டு வழக்கு நடத்தறாங்க. தொண்ணூத்தி நாலுல அங்க வீடே இல்ல, அப்புறம் வந்து குடிசை போட்டாங்கன்னு ஹோட்டல்காரன் வாதம். என் புத்தகத்தையே காட்டறான். இந்தப் படம் வெளிவந்தா அவங்களுக்கும் உதவி."

அதில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இடித்தது அவர் புத்தகத்தை வைத்து. இனி எழுப்பப் போவதும் அவர் புத்தகத்தை வைத்தா? இரண்டு முறையும் அவர் பெயர்தான் அட்டையில் வரும். இந்தத் தீவுகளின் வரலாற்றை இப்படித்தான் எழுதுகிறார்கள். முதலில் முதலாளிக்குப் பின்னால் நின்றவனைச் சுரண்டி எடுப்பது. காலம் மாறியதும் அவனைக் கண்டுபிடித்தேன் என்று மேடை ஏறுவது. கண்டுபிடிக்க அவன் என்ன காட்டிலா ஒளிந்திருந்தான்? பெயர் போட்டல்லவா தாள் வந்தது!

"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தக் கமிட்டியைத் தேடினேன். செயலாளர் ஓர் ஓய்வுபெற்ற செவிலி. பெயர் மாரி-தெரேஸ் வீராப்பென். ஆங்கிலத்தில் எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது: இடது பக்கத்திலிருந்து நாலாவது அறை எங்களுடையது, படத்தில் தெரிகிறதா?

தெரிகிறது என்று எழுதினேன். அம்மோனியா பிரிண்ட் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் கறுப்புத் தாளில் சுற்றி, குழாயில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மூலையில் பவுலினின் கையெழுத்தில் அவள் பெயரும் தேதியும் இருந்தன. நீதிமன்றம் அதை ஏற்குமா என்று இன்னும் தெரியாது. விசாரணை நடக்கிறது.

இளங்கோவன் மறுபடியும் கூப்பிட்டார்.

"படம் அவங்ககிட்ட இருக்கு சார்" என்றேன். "அங்க போய்க் கேளுங்க. அந்தம்மா குடுத்தா வாங்கிக்குங்க."

"அவங்க எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாங்களே!"

"அப்படியா?" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.