புட்டின ஊரு

ஆந்திரா பக்கம் சித்தூரில் எங்கள் தெரு முனையில் இருந்த பழைய முனிசிபல் கட்டடத்தை நான் திட்டாத நாளில்லை. வீட்டு வரியா, குழாய் இணைப்பா, அங்கேதான் கியூவில் கால் கடுக்க நிற்க வேண்டும். எப்போதடா இடித்துத் தொலைப்பார்கள் என்று இருந்தது எனக்கு.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்குப் பறந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கும் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது! தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்கு என்றுவிட்டார்கள்.

பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் பிறந்த ஊர் புத்தூர் என்று இருந்தது. அது அம்மாவின் ஊர். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தெரிந்தால் பதறி ஊரைக் கூட்டிவிடுவார் என்று, சொல்லாமலே மூன்று நாள் புத்தூருக்கு அலைந்தேன். பதிவேட்டில் நான் இல்லவே இல்லை. விடிந்தால் கடைசி நாள். வீட்டுக்கு வந்து நைனாவிடம் எரிந்து விழுந்தேன்.

"புத்தூருக்கு எதுக்கும்மா போன? நீ பொறந்தது இங்க! உங்கம்மா ஊருக்கு பஸ் ஏறத்துக்குள்ள வலி வந்துடுச்சு. தெரு முனை கட்டடந்தான் அப்போ பிரசவ ஆஸ்பத்திரி."

"அப்போ ஸ்கூல்ல ஏன் புத்தூருன்னு எழுதினாங்க?"

நைனா தலையைச் சொறிந்தார். "வாத்தியாரு தெலுங்குல 'புட்டின ஊரு'ன்னு கேட்டுக்கினு இருந்தாரு. என் காதுல புத்தூருன்னு வுழுந்துது. மாமியார் ஊராச்சே, ஆமா சார்னு தலையாட்டிட்டேன்."

தெலுங்கில் புட்டின ஊரு என்றால் பிறந்த ஊர். அடக் கடவுளே! அம்மா உயிரோடு இருந்திருந்தால் முதல் நாளே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள்.

மறுநாள் கதவு திறக்கும் முன்பே நைனாவை இழுத்துக்கொண்டு அங்கே நின்றேன். குமாஸ்தா செல்லரித்த பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் திரும்பத் திரும்ப நான் எட்டி எட்டிப் பார்த்தேன். "இதோ!" என்றார். பெண் குழந்தை. பக்கத்தில் அம்மாவின் பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க நிக்கிற இந்த ரூமுலதாம்மா அப்போ பிரசவம் பார்ப்பாங்க" என்றார் குமாஸ்தா. இத்தனை வருஷமாக நான் கியூவில் நின்று சபித்த அதே அறை!

அவர் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "புட்டின ஊரு?"

நைனா வாயைத் திறந்தார். நான் சட்டென்று அவர் வாயைப் பொத்தினேன்.

"சித்தூரு! சித்தூருதான் சார்!" என்று நான் போட்ட கூச்சலில் கியூ முழுக்கத் திரும்பிப் பார்த்தது.