கழுத்தில் மாட்டும் அட்டை

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் முதலீடு செய்யலாமா என்று பார்க்க வந்தார் அவர். தொழிலாளர்களை நல்லபடியாக நடத்தும் இடங்களில் மட்டுமே பணம் போடச் சொல்லும் ஆலோசனை நிறுவனத்தின் தலைவி. நரைத்த கிராப்பு, பருத்திப் புடவை, அதற்குக் கீழே நாங்கள் கொடுத்த பெரிய பாதுகாப்பு ஷூ. எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் தொழிலாளர் கழிப்பறைக்குப் போவது அவர் வழக்கமாம்.

மனிதவள அதிகாரியான நான் விருந்தினர் கழிப்பறையைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, பெண்கள் வேலை செய்யும் உற்பத்தி லைனுக்குள் நடந்தார். அங்கே நாற்பது பெண்களுக்கு ஒரே ஓர் அட்டை. அது கழுத்தில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். அட்டைக்காகக் காத்திருந்த ஒரு தென்காசிப் பெண்ணுக்குப் பின்னால் இவரும் நின்றார்.

அட்டை வந்ததும் அவள் அதை இவரிடம் நீட்டினாள்.

"நீங்க போயிட்டு வாங்க மேடம். எனக்கு அடக்கிப் பழகிட்டு."

அவர் அதை வாங்கி அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டார். "நீ போம்மா. நான் நிக்கறேன்."

பிறகு கூட்டத்தில் எங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டார். முடிவில் மெதுவாக, "இதுல எந்த வருஷம் அந்த அட்டையை எடுப்பீங்க?" என்றார்.

அந்த விதியைப் போட்டது யாரென்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், நான்தான் என்று எழுந்து நின்றிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.