இருபத்தைந்து குதிரையும் ஆயிரத்து ஐந்நூறு சிசியும்

மாங்குளத்தில் ஒரு நாள் காலை, நான் இருந்த பஸ்ஸின் கொண்டக்டரும் பின்னால் வந்த பஸ்ஸின் கொண்டக்டரும் சில்லுக் கழற்றும் கம்பியால் அடித்துக்கொண்டார்கள். யார் முதலில் போவது என்பதுதான் பிரச்சினை. எங்கள் ஆளின் காது பாதி கிழிந்து தொங்கியது. நான் தாதி என்று யாரோ சொல்லிவிட, சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கட்டுப்போட்டேன். கட்டி முடிந்ததும் அவன் மிதிபலகையில் ஏறி நின்று, "விடு அண்ணை, அவனைப் பிடி" என்றான். டிரைவரும் விட்டார். கிளிநொச்சி வரும்வரை முன்சீற்றின் கம்பியைப் பிடித்தபடி, இனி என் மகளுக்கு யார் தலை இழுத்துப் பின்னிவிடுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"எனக்குக் கார் வேணும். இல்லாட்டி வேலையை விடுறன்."

எங்கள் வீடு வவுனியாவில். ஆஸ்பத்திரி பரந்தனுக்குக் கிட்ட. தினமும் போகவர ஏ9 வீதியில்தான். விபத்துப் பிரிவில் வேலை என்பதால் வாகனங்களை நான் காயங்களாகவே அறிவேன். மோட்டார் சைக்கிள் என்றால் முழங்காலும் தாடையும். ஓட்டோ என்றால் நெஞ்சு. வெளிநாட்டுச் சொந்தத்தை விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு நித்திரையில்லாமல் ஓடிவரும் வான் என்றால் ஒரு குடும்பமே வரும், புதுச் சூட்கேசுகளோடு. தெற்கிலிருந்து வருகிறவர்கள் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். உடைத்த தேங்காய் தங்களைக் காக்கும் என்ற தைரியத்தில் அங்கிருந்து மிதிக்கத் தொடங்குவார்கள். என்னிடம் வரும்போது நெற்றித் திருநீறு ரத்தத்தில் களியாகியிருக்கும். அதைத் துடைத்தால்தான் காயம் தெரியும்.

கார் வாங்குவது என்று முடிவானதும் ஆளாளுக்கு இஞ்சின் சொன்னார்கள். கணவர் அறுநூற்று அறுபது சிசி போதும் என்றார். தினமும் அவ்வளவு தூரம் ஓடப் பெற்றோலுக்குக் கட்டுபடியாக வேண்டாமா என்பது அவருடைய நியாயம். என் தம்பி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அது தையல் மெசினுக்குப் போடுற இஞ்சின், அத்தான்."

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. அப்பா, சித்தப்பாமார், தம்பி எல்லோருக்கும் கடல்தான் தொழில். படகுக்குப் பதினைந்து குதிரை இஞ்சினா இருபத்தைந்து குதிரையா என்று சண்டை பிடித்த இரண்டு சித்தப்பாமார் சாகும்வரை முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த எனக்குக் கார் இஞ்சின் வாங்கத் தம்பியைத் தவிர வேறு யாரைக் கேட்கத் தோன்றும்?

"ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைஞ்சு எடுக்காத, அக்கா. பஸ்ஸை வெட்டி எடுக்க இழுவை வேணும். பாதியில திணறினா முன்னால வாற லொறி சப்பிப்போடும். அலை எழும்பேக்க சின்ன இஞ்சினோட அம்பிட்ட மாதிரித்தான்."

அதில் பிழை சொல்ல முடியவில்லை. பாதியில் திணறியவர்களை நானே கழுவிக் கட்டியிருக்கிறேன். கணவர் மட்டும், "உம்மட தம்பிக்கு றோட்டும் கடல்தான்" என்று முணுமுணுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

கிளிநொச்சியில் கடை வைத்திருந்த ஒரு ஐயாவிடம் ஆயிரத்து ஐந்நூறு சிசிக் கார் ஒன்று விலைக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் தம்பியும் பார்க்கப் போனோம். ஓடிப் பார்க்கத் தம்பி ஏறினான். அவனிடம் லைசன்ஸ் இருந்தது. ஆனால் கார் ஓடிய பழக்கம் குறைவு, மோட்டார் சைக்கிள்தான் அவனுக்கு ஓட்டம். நான் பக்கத்தில். ஐயா பின்னால். தெற்கே திரும்பி முறிகண்டிக்கு வந்ததும் ஐயா தோளில் தட்டினார்.

"தம்பி, நிப்பாட்டுங்கோ. பிள்ளையாருக்குச் சொல்லாமல் போகேலாது."

கழுத்தில் சிலுவையோடு என் தம்பி தேங்காயை ஓங்கி அடித்தான். நன்றாக உடைந்தது. ஐயாவின் முகம் மலர்ந்தது. கார் அரைவாசி விலைபோய்விட்டது என்று நினைத்திருப்பார்.

அங்கிருந்து புறப்பட்ட பஸ் ஒன்று எங்களுக்கு முன்னால் வீதியை அடைத்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் காடு. தம்பி வலது பக்கம் எடுத்து மிதித்தான். அந்த இஞ்சினின் உறுமலை நான் இன்னும் மறக்கவில்லை. முதுகு சீற்றோடு ஒட்டியது. பஸ்காரன் விடக்கூடாதென்று தானும் மிதித்தான். நாங்கள் அவனை விழுங்கிக்கொண்டு முன்னால் வந்தோம்.

"பாத்தியா அக்கா, இழுவை" என்றான் தம்பி.

பஸ் மறைத்துக்கொண்டிருந்த மாடுகள் அப்போதுதான் தெரிந்தன. பட்டி முழுக்க வீதியில் நின்றது. சில படுத்துக் கிடந்தன.

நான் "பிறேக்" என்று கத்தினேன். தம்பி பதறவில்லை. இஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. அவன் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி எதற்கோ காத்திருப்பவனைப் போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பிறேக் பிடித்துத் தார் கிழிகிற சத்தம் பின்னால் கேட்டது. அது பஸ்ஸின் சத்தம். எங்கள் கார் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் ஒரு கன்று கீழே போனது. எலும்பு நொறுங்கியது என் பாதத்தில் தெரிந்தது. அடுத்தது ஒரு பசு, பொனற்றில் ஏறிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு என் மடிக்குத் தலையை நீட்டியது. கொம்பு சீற்றைக் கிழிக்க, பசு சரிந்து வீதியில் விழுந்தது. கார் வீதியை விட்டிறங்கி மதகுக் கட்டில் மோதி நின்றபோது, தம்பி அவ்வளவு புகழ்ந்த இஞ்சின் அவன் பக்கமாக உள்ளே வந்திருந்தது. அவனுடைய வலது பாதம் அதற்குக் கீழே இருந்தது.

பஸ் டிரைவர் ஓடிவந்தார். உதவிக்குத்தான் என்று நினைத்தேன். அவர் உடைந்த கண்ணாடிக்குள்ளால் கையை விட்டுத் தம்பியின் கன்னத்தில் இரண்டு அறை விட்டார்.

"சாகிறதெண்டால் தனியப் போய்ச் சாவுங்கோடா. என்ர பஸ்ஸில சின்னப் பிள்ளையள் இருக்குதுகள்."

நான் இறங்கிச் சுற்றி ஓடி அவருடைய முகத்தில் அடித்தேன். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அடித்தேன். மூக்கால் ரத்தம் ஓடும்வரை அடித்தேன். அவர் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டுப் போய்ச் சில்லுக் கழற்றும் கம்பியைக் கொண்டுவந்தார். அவரும் இன்னும் நாலு பேரும் கதவைப் பிளந்தார்கள். நான் என் சால்வையைத் தம்பியின் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். இழுத்தெடுக்கும்போது அவன் போட்ட சத்தமும் வீதியில் கிடந்த பசுவின் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பசுவின் சத்தத்தை யாரோ கோடாலியால் நிறுத்தினார்கள். தோள் எலும்பு முறிந்த ஐயாவையும் தம்பியையும் அதே பஸ்ஸில்தான் ஏற்றினோம். பஸ்காரர் திருப்பி, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய மூக்கை எங்கள் பிரிவில்தான் சுத்தம் செய்தார்கள்.

தம்பியின் காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். யுத்தம் முடிகிற நேரம் எங்கள் கரையில் செல் குண்டு விழாத இடமில்லை. அதற்குள்ளிருந்து இரண்டு காலாலும் நடந்து வெளியே வந்தவன் அவன். அந்தக் காலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுப்பட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. மயக்கம் தெளிந்த மறுநாள் அவனிடம் சண்டைக்கே போனேன்.

"ஏன்டா பிறேக் பிடிக்கேல்ல?"

"விட்டனான் அக்கா. அக்சிலேற்றரை விட்டனான். நிக்குமெண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

எனக்கு உடனே விளங்கியது. படகில் பிறேக் இல்லை. கைப்பிடியைத் திருகி விசையைக் குறைத்தால் போதும், தண்ணீர் படகைப் பிடித்துக்கொள்ளும். இருபது வருசமாக அவனைத் தண்ணீர் பிடித்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பிறேக்கைக் கை தேடிப் பிடிக்கும். காரில் அது காலின் வேலை. மாடுகளைக் கண்டதும் அவனுடைய கால் கடலில் செய்ததைத்தான் செய்தது. எங்கள் வீட்டில் எத்தனை குதிரை என்று கேட்டு வளர்ந்தோமே தவிர, எப்படி நிற்பது என்று யாரும் கேட்டதில்லை. கணவர் முணுமுணுத்தது சரிதான்.

பிறகு ஓமந்தையில் ஒருவரிடம் ஆயிரம் சிசிக் கார் ஒன்று எடுத்தேன். அவர் இழுவையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் அவரைப் பக்கத்தில் இருத்தி, வெறும் வீதியில் ஓடி, பிறேக்கை ஏறி மிதித்தேன். அவருடைய தலை முன்னால் போய் இடித்தது. திரும்பத் திரும்ப மிதித்தேன். "அம்மா, வாங்கிறீங்களோ இல்லையோ, என்னை இறக்கிவிடுங்கோ" என்றார். வாங்கிவிட்டேன்.

தம்பிக்குச் செயற்கைக் கால் இன்னும் சரிவரவில்லை, புண் போடுகிறது. ஆனாலும் கடலுக்குப் போகிறான். கால் காட்ட வரும் நாட்களில் வவுனியாவில் எங்களோடு தங்கி, காலையில் என் காரில் முன்னால் ஏறுவான். ஆயிரம் சிசி இழுக்காது என்று வழி நெடுகப் புறுபுறுப்பான். பனிக்கன்குளம் தாண்டினால் வாய் மூடிவிடும். நாங்கள் மோதிய இடம் அங்கேதான், இப்போதும் மாடுகள் நிற்கும். நான் வேகத்தைக் குறைக்க முதலே அவனுடைய வலது தொடை இறுகுவதைப் பார்ப்பேன். முழங்காலை நீட்டி, முழுப் பலத்தையும் கொடுத்து மிதிப்பான். அந்தப் பக்கத்தில் பிறேக்கும் இல்லை, அவனுக்குப் பாதமும் இல்லை.