அம்மா அளந்த நிழல்

பூமி எவ்வளவு பெரியது என்று கண்டுபிடிக்க ஒரு தடியும் ஒரு நண்பகலும் போதும் என்பதை நான் அறிந்துகொண்டது பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பில். அப்போது எனக்கு ஜேர்மன் மொழி பாதிதான் விளங்கும். மீதிப் பாதியை ஆசிரியையின் கைகளைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். எரத்தோஸ்தனிஸ் என்று அவர் கரும்பலகையில் எழுதியபோது அது ஏதோ ஒரு நோயின் பெயர் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவும் நானும் மட்டுமே அங்கே வந்து சேர்ந்திருந்தோம். அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். அவன் பிறந்த கையோடு அம்மா வந்துவிடுவார் என்று சொல்லித்தான் அப்பா என்னை விமானத்தில் ஏற்றினார். தம்பி பிறந்தான். தவழ்கிறான் என்று கொழும்பு வழியாக ஒரு கடிதம் வந்தது. அம்மா வரவில்லை.

அகதிகள் விடுதியில் எங்களுக்கு ஓர் அறை. பக்கத்து அறைகளில் இருந்த தமிழர் எல்லாரும் இளந்தாரிகள். சமைக்கும்போது குசினியில் என்னைக் கண்டால், “பிள்ளை சாப்பிட்டாச்சோ?” என்று கேட்பார்கள். நான் ஓம் என்பேன். அதற்கு மேல் என்னோடு கதைக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த அப்பாவுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. அவர் யன்னலோரம் இருந்து முற்றத்துக் குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவற்றுக்கும் தான்தான் பொறுப்பு என்பதுபோல.

பள்ளியில் எனக்குப் பகையென்று யாரும் இல்லை. அதுதான் கஷ்டம். வெளியே போகும்போது இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து நடக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை. மிஞ்சும் ஆள் எப்போதும் நான்தான். கடைசியில் ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொள்வார். அவருடைய கையுறையின் கம்பளி குத்தும்.

எரத்தோஸ்தனிஸ் பாடம் நடந்த அன்று மிகவும் மகிழ்ந்தவள் எலேனி. அவளுடைய தகப்பன் கிரேக்க நாட்டிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வகுப்பில் எந்தப் பழைய அறிஞரின் பெயர் வந்தாலும் எலேனி கையை உயர்த்தி, “அவர் எங்கள் ஆள்” என்பாள். பிதாகரஸ் எங்கள் ஆள். ஆர்க்கிமிடிஸ் எங்கள் ஆள். வைத்தியர்கள் எடுக்கும் சத்தியம் எங்களுடையது, நாடகம் எங்களுடையது, அணு என்ற சொல்கூட எங்களுடையது. நாங்கள் எல்லாரும் அவளுடைய வீட்டுச் சாமான்களைக் கடன் வாங்கிப் படிப்பதுபோலவே எனக்குத் தோன்றும். என்னிடம் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்றுகூட உலகப் படத்தில் இரண்டு முறை காட்ட வேண்டியிருந்தது.

ஆசிரியை சொன்ன கதை இதுதான். எகிப்தின் தெற்கே ஓர் ஊர். வருடத்தில் ஒரு நாள், நடுப்பகலில், சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆழக் கிணற்றின் அடித் தண்ணீரிலும் அது தெரியும். எந்தப் பொருளுக்கும் நிழல் இருக்காது. அதே நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் இருக்கும். அந்த நிழலின் கோணத்தையும் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தையும் வைத்து, அங்கே நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த எரத்தோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

“எங்கள் ஆள்” என்றாள் எலேனி.

“அவர் பிறந்தது ஆபிரிக்காவில், வேலை பார்த்தது எகிப்தில், எழுதியது கிரேக்கத்தில்” என்று ஆசிரியை சிரித்தார். “இந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டிய ஆள்.”

பிறகு எங்களுக்கு ஒரு வேலை தந்தார். ஊரில் சொந்தக்காரர் இருப்பவர்கள் அவர்களிடம் சொல்லி, ஒரு மீற்றர் தடியை நட்டு, சித்திரை பிறக்கும் கிழமையில் ஏதாவது ஒரு நாள் நடுப்பகலில் அதன் நிழலை அளக்கச் செய்ய வேண்டும். இங்கே நாங்களும் அளப்போம். எலேனிக்குத் தெசலோனிக்கியில் அத்தை இருந்தாள். துருக்கிப் பையனுக்கு இஸ்மீரில் மாமா. ஆசிரியை என்னைப் பார்த்து, முடியாவிட்டால் பரவாயில்லை என்று மெதுவாகச் சொன்னார். “முடியும். என் அம்மா இருக்கிறார்” என்றேன். அந்த வகுப்பில் யாரும் கேட்காமலே நான் பேசிய முதல் வசனம் அது.

அம்மாவோடு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனில் கதைப்பார். தெருமுனையில் இருந்த மஞ்சள் நிறக் கூண்டுக்குள் அவர் போவார். நான் வெளியே நிற்பேன். ஊர்ச் சந்தியில் இருந்த கடைக்கு அம்மா வந்து காத்திருப்பார் என்றும், லைன் கிளியர் இல்லாததால் ஒரு ஆள்தான் கதைக்க ஏலும் என்றும் அப்பா சொல்லியிருந்தார். வெளியே வந்ததும், “உன்னை ஒழுங்காச் சாப்பிடட்டாம். தலை இழுத்துப் பின்னட்டாம்” என்பார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதையே சொல்வார். அம்மாக்கள் அப்படித்தான் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த ஞாயிறு நான் அப்பாவைப் பாடமாக்க வைத்தேன். தடி ஒரு மீற்றர். சாயக்கூடாது, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். நிழல் எப்போது ஆகக் குட்டையாகிறதோ அப்போது அளக்க வேண்டும்.

“இவ்வளவையும் சொல்ல ஏலுமோ தெரியாது பிள்ளை” என்றார் அப்பா.

“சொல்லத்தான் வேணும் அப்பா. எல்லாரும் கொண்டு வருவினம்.”

அவர் கூண்டின் கதவைத் திறந்தார். பிறகு, “சரி, சொல்லுறன்” என்று உள்ளே போனார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய வாய் அசைவது தெரிந்தது. தடியின் உயரத்தைக் காட்டக் கையை இடுப்புவரை தாழ்த்தினார். ஒரு முறை சிரித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அம்மாவின் குரல் அந்தக் கூண்டுக்குள் இருந்தது; நான் குளிரில் நின்றேன்.

அடுத்த ஞாயிறு வெளியே வந்த அப்பா விடுதிப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“அளந்தவவோ?”

“ஓம்.”

“எவ்வளவு?”

“நிழல் இல்லையாம்.”

“இல்லையாமோ? ஒரு சென்ரிமீற்றர்கூட?”

“தடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவவாம். ஒண்டும் இல்லையாம்.”

வீதியிலேயே அழுதுவிட்டேன். மற்றவர்கள் எல்லாரும் ஓர் அளவைக் கொண்டுவரும்போது நான் மட்டும் ஒன்றுமில்லாததைக் கொண்டுபோவதா? அம்மா அக்கறையில்லாமல் ஏதோ சொல்லிவிட்டார் என்று தோன்றியது. “எதையாவது சொல்லுங்கோ அப்பா, ஒரு பத்து எண்டாவது” என்று கெஞ்சினேன். அப்பா தலையை ஆட்டினார். “இல்லை எண்டால் இல்லைத்தான் பிள்ளை. அதைக் கூட்டிச் சொல்லக்கூடாது.”

வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னோம். நாங்கள் பள்ளி முற்றத்தில் அளந்த நிழல் தடியைவிடச் சற்றே குட்டை. தெசலோனிக்கியிலும் இஸ்மீரிலும் அது இன்னும் குறைந்திருந்தது. என் முறை வந்ததும், “நுல்” என்றேன். ஜேர்மன் மொழியில் அது பூச்சியம். ஒன்றுக்கும் உதவாத ஆளையும் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பு சிரித்தது. எலேனி, “அவளுடைய அம்மா இராத்திரியில் அளந்திருக்கிறாள்” என்றாள். இன்னும் பெரிதாகச் சிரித்தது.

ஆசிரியை சிரிக்கவில்லை. அட்லஸை எடுத்தார், எதையோ தேடினார், இன்னொரு அட்டவணையைப் புரட்டினார். பிறகு மேசையில் கையால் தட்டினார். அந்தக் கிழமையில், அந்த இடத்தில், நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில்தான் நிற்கிறது என்றார். எரத்தோஸ்தனிஸுக்குக் கிடைத்த கிணறு எங்களுக்கும் கிடைத்துவிட்டது. மற்ற அளவுகளை விட்டுவிட்டு எங்கள் முற்றத்து நிழலையும் அம்மாவின் நிழலின்மையையும் கரும்பலகையில் எழுதினார். வடக்குத் தெற்குத் தூரத்தை அட்லஸில் அளந்தோம். பெருக்கினோம். வந்த விடை புத்தகத்தில் இருந்த பூமியின் சுற்றளவுக்கு மிக அருகில் இருந்தது.

“உன் அம்மாவுக்கு எங்கள் நன்றியைச் சொல்” என்றார் ஆசிரியை.

அன்று வரிசையில் நிற்கும்போது எலேனி என் பக்கம் வந்து கையை நீட்டினாள். கை கோத்து நடந்தோம். திரும்பி வந்ததும் பள்ளி வாசலில், “நான் கிரேக்கத்துக்குப் போனதே இல்லை, தெரியுமா?” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு வேறு யோசனை. ஞாயிறு எப்போது வரும், நன்றியை எப்போது அனுப்பலாம் என்ற யோசனை.

இலை உதிரத் தொடங்கிய காலத்தில் அம்மா வந்தார். கிழக்கு பேர்லினில் இறங்கி, எல்லை கடந்து, தோளில் தம்பியோடு எங்கள் அறை வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கட்டிலின் அந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அம்மாவோடு எப்படிக் கதைப்பது என்று மறந்துபோயிருந்தது. என்னிடம் அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் மட்டும்தான் தயாராக இருந்தது. சாப்பிடும்போது அதைத் தொடங்கினேன்.

“அம்மா, நீங்கள் அளந்த நிழலாலதான் எங்கட வகுப்பு பூமியைக் கண்டுபிடிச்சது. ரீச்சர் நன்றி சொன்னவ.”

“என்ன நிழல்?” என்றார் அம்மா.

“தடி நட்டீங்களே. சந்திக் கடையில வந்து ரெலிபோனில அப்பாவுக்குச் சொன்னீங்களே.”

“எந்தக் கடை? அதை நீங்கள் வெளிக்கிட்ட மாசமே எரிச்சுப்போட்டாங்கள். இப்ப ஊரில எங்க பிள்ளை ரெலிபோன்…”

“கொஞ்சம் சொதி விடன்” என்றார் அப்பா, கோப்பையை நீட்டி. கோப்பையில் ஏற்கெனவே சொதி இருந்தது.

அம்மா அவருடைய முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொதியை விட்டார். “ஓமோம், அளந்தனான்தான். எனக்குத்தான் நினைவு மாறிப்போச்சு” என்று என்னிடம் சொன்னார். தம்பியின் வாயில் சோறு தீத்தத் திரும்பிக்கொண்டார்.

அந்த வருடம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே பெருமையை அம்மா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அன்றிரவு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் பல நாட்கள் அவருக்குச் சரியாக முகம் கொடுக்கவில்லை. சித்திரை வெயிலில் எங்கள் ஊர்த் தெருவில் நடந்த எவருக்கும், உச்சிப் பொழுதில் நிழல் காலடிக்குள் புகுந்துவிடும் என்பது அளக்காமலே தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, கையால் உயரம் காட்டி, சிரித்துச் சிரித்து, அப்பா யாரோடு கதைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.