கால் ஊனாத கங்காதரனும் இரண்டாவது ஒற்றைச் சக்கரமும்

கங்காதரனைப் பற்றி எழுத இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அவனுடைய முதல் ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இரண்டாவதைச் செய்து கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

என் பெயர் கோதண்டம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. அம்பத்தூர் எஸ்டேட் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பழைய லேத் ஒன்றைப் போட்டு ஆரம்பித்தவன், பத்து வருடத்தில் மூன்று லேத், ஒரு வெல்டிங் செட், எட்டு ஆள் என்று நின்றேன். படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என் வாசலில் காத்திருப்பார்கள். படம் வேண்டாம், உடைந்த பீஸைக் கையில் கொடு என்பேன். மறுநாள் புதுசு தயாராக இருக்கும். எந்த முதலாளிக்கும் போலீஸுக்கும் நான் பயந்தது கிடையாது. அப்படிப்பட்ட என்னை ஒன்பது மாதம் சோறு இறங்காமல் செய்தது அந்த ஒற்றைச் சக்கரம்.

எண்பத்து நாலில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் காலி மைதானத்தில் ஏழு நாள் சைக்கிள் விட வந்தான் கங்காதரன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மைதானத்து நடுவில் கம்பம் நட்டு, டியூப் லைட் கட்டி, மைக் செட் போட்டு, ஒருத்தன் ராத்திரி பகல் ஏழு நாளும் வட்டமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருப்பான். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் இவன் ஒற்றைச் சக்கரத்துக்குத் தாவி வித்தை காட்டுவான். இதற்கெல்லாம் ஒரே சட்டம்தான். கால் தரையில் படக்கூடாது. பட்டால் அந்த நிமிஷமே ஆட்டம் முடிந்தது, மானமும் போனது.

வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு அந்தக் கூட்டம் கரைந்துவிட்டது. எண்பத்தாறில் என் பட்டறைக்கு வந்து வேலை கேட்டான். டிரில்லிங் மிஷினில் நிறுத்தினேன். ஒற்றைக் காலில் நின்றபடி ஓட்டை போடுவான். ஏன்டா என்றால் பழக்கம் என்பான். மத்தியானம் சாப்பிட்டதும் அந்தப் பழைய ஒற்றைச் சக்கரத்தை எடுத்துச் சிமெண்டுத் தரையில் சுற்றுவான். சின்னச் சக்கரம், ஒல்லி டயர். கேட்டுக்கு வெளியே சரளையில் இறங்கினால் ஒரு கூழாங்கல் தடுக்கினாலே ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும்.

எண்பத்தொன்பது சித்திரையில் ஒரு நாள் சொன்னான்.

"அண்ணாத்தே, பதினோரு வருஷம் சுத்துனேன். அந்த சுத்தையெல்லாம் நேரா இஸ்துட்டா டெல்லிக்கே போயிட்டு வந்துருக்கலாம். நானு ஏறுன எடத்துலயே எறங்கிகினு கீறேன். ஒரு தபா நேரா போவணும்."

"எங்கடா போவே?"

"அயனம்பாக்கம் ஏரிக்கரை மேல. மதகுல படிக்கட்டு மேல எகிறி எகிறி ஏறி, அப்பிடியே ரொம்புன தண்ணி வழியற கலங்கல் வரைக்கும். அதுக்கு வேற வண்டி ஓணும்."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "செஞ்சு குட்த்தா போச்சு" என்றேன். எங்கள் இளைஞர் மன்றத்துச் செயலாளர் எத்திராஜ் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். காணும் பொங்கலுக்குப் புதுசாக ஒரு ஐட்டம் கிடைத்துவிட்டது என்று அவன் எழுந்து போனான். போன வேகத்தில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் கங்காதரன் மனைவி பூங்காவனம் பட்டறைக்கு வந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். வேலைக்குப் போகும் வழியில் நின்றாள், உட்காரவில்லை.

"அண்ணே, அவுருக்கு நீச்சல் தெரியாது. தை மாசம் ஏரி ரொம்பி நிக்கும். ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் பள்ளம். சொன்னா கேக்க மாட்டாரு. வண்டி செய்யப் போறது நீ. அவுரு உசுரு உன் கையில கீது, அவ்ளோதான்."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அன்று மத்தியானச் சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன்.

பூந்தமல்லியில் துலுக்கானம் என்று ஒருத்தர், சர்க்கஸில் கூடாரம் அடித்தவர், பழைய ஒற்றைச் சக்கரம் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். ஆள் உயரத்துக்கு மேலே சீட், கீழே சக்கரம், நடுவில் செயின். பார்த்ததும் கங்காதரன் கண் விரிந்துவிட்டது.

"இத்து மேல ஒக்காந்தா ஊரே தெரியும் அண்ணாத்தே."

"ஊரு தெரியும், உளுந்தா எலும்பும் தெரியும்" என்றார் துலுக்கானம். விற்கிறவரே அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கட்டும் என்று வாங்கி வந்தோம்.

வெயிலில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விழுந்தாலும் மண்தானே என்று அங்கே ஏற்றினேன். இருபது கெஜம் அழகாகப் போனான். ஒரு வெடிப்பில் சக்கரம் இறங்கியது. மற்ற எவனாக இருந்தாலும் பெடலை விட்டுவிட்டுக் குதித்திருப்பான். இவன் குதிக்கவில்லை. இரண்டு பாதமும் பெடலில் ஒட்டினபடியே மரம் சாய்கிற மாதிரி முழுசாகச் சாய்ந்தான். தோள்பட்டை மண்ணில் இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓடிப் போய்த் தூக்கினேன். "ஏன்டா கால ஊனல?"

"ஊனக் கூடாதுண்ணா."

"இங்க யாரு பாக்கறா? நானும் நாலு கொக்கும்தான் கீறோம்."

தோளில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பிறகு சொன்னான். திருநின்றவூரில் ஆறாம் நாள் தூக்கக் கலக்கத்தில் கட்டைவிரல் தரையில் உரசிவிட்டதாம். கூட்டம் டியூப் லைட்டை உடைத்து, கல்லெறிந்து, புருவம் கிழிந்தது. அவனுக்கு வித்தை சொல்லிக் கொடுத்த சின்னசாமி அத்தனை பேர் முன்னாலும் செருப்பால் அடித்தாராம். "அன்னிலருந்து கால் தானா எறங்க மாட்டேங்குது அண்ணாத்தே. நா இன்னா பண்றது."

அங்கேதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. வண்டி உடைந்தால் நான் ஒட்டுவேன். விழும்போது கால் ஊனத் தெரியாதவனை ஏரிக்கரை மேல் ஏற்றுகிறேன் என்றால், நானே தள்ளிவிடுகிற மாதிரிதான்.

உயரமான வண்டியைத் துலுக்கானத்திடம் திருப்பிவிட்டேன். எனக்கு ஆசை ஒரு பெரிய ரோட்ஸ்டர் சைக்கிள் சக்கரம் போடுவதில். பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் உருட்டிக்கொண்டே போய்விடும், பார்வைக்கும் கம்பீரம். அப்படி ஒன்றை மாட்டியும் பார்த்தேன். வேகம் நன்றாக வந்தது. ஆனால் படிக்கட்டு மேல் எகிற முடியவில்லை, சீட்டிலிருந்து கால் தரைக்கு எட்டவும் இல்லை. கடைசியில் மொபெட் சக்கரம் ஒன்றை எடுத்தேன். தடித்த டயர், குட்டை உயரம். எகிறினால் பந்து மாதிரி எழும்பும், சரளையைக் கவ்வும். எல்லாவற்றுக்கும் மேலே, உட்கார்ந்தபடி காலை நீட்டினால் தரை. நடு அச்சை நானே லேத்தில் கடைந்தேன். பார்வைக்குத் தவளை மாதிரி இருந்தது.

"இன்னா மாமே, எருமக் கன்னுக்குட்டிக்கு சீட்டு போட்டுகிற" என்றான் எத்திராஜ்.

"எருமதான் சேத்துல நடக்கும், போடா" என்றேன்.

வண்டி தயாரானது. கால்தான் தயாராகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்குப் போவோம். ஓட்டுவான், எகிறுவான், கல் விட்டுக் கல் தாவுவான், எல்லாம் அபாரம். ஊனு என்றால் மட்டும் அப்படியே சாய்வான். முழங்கை, இடுப்பு, முட்டி என்று வாரம் ஒரு காயம். பூங்காவனம் மஞ்சள் பத்துப் போட்டு அனுப்புவாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

புரட்டாசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. படித்தவனுக்கு வந்திருக்காது. ஒரு கோணிப் பையை நனைத்துத் தரையில் விரித்தேன்.

"கங்கா, தரையில கால் படக்கூடாது. சரி. இது தரையா?"

"இல்ல. கோணி."

"அப்போ ஊனு."

முதல் தடவை பாதி கால் இறங்கியது. மூன்றாம் வாரத்தில் கோணியைப் பார்த்தாலே ஊனினான். கோணியை எடுத்துவிட்டால் மறுபடி மரம்தான். இருந்தாலும் ஏதோ ஒரு வழி கிடைத்ததே என்று கொஞ்சம் மூச்சு விட்டேன்.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம், பெடலைத் தாங்குகிற இடது பக்கத்து இரும்புக் கை அச்சில் ஆடுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தான். எகிறி எகிறி அதைப் பிடித்திருந்த ஆப்பு தேய்ந்துவிட்டது. கடையெல்லாம் லீவு, வேறு ஆப்பு கிடைக்காது. கையை அச்சோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம் என்றேன். அப்படி வைக்கும்போது இரும்பைச் சூடேற்றித்தான் வைக்க வேண்டும், மெதுவாகத்தான் ஆற விட வேண்டும். சூடேற்ற கேஸ் காலி. என் கை வைத்தால் நிற்கும் என்று சூடேற்றாத பச்சை இரும்பிலேயே வைத்தேன். அவன் அவசரப்பட்டான், தண்ணீர் ஊற்றி ஆற வைத்தேன். வேலைக்கு வந்த முதல் நாளே என் ஆட்களுக்கு நான் செய்யாதே என்று சொல்லும் காரியம் அது.

காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் வானகரம் வரைக்கும் உள்ள ஜனம் வந்திருந்தது. கரும்பு, பலூன், பேண்டு செட். ஏரி தளும்பி நின்றது. எத்திராஜ் மைக்கில், "கால் தரையில் படாமல் கலங்கல் வரை" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லாதே என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை. பூங்காவனம் மதகுக்குப் பக்கத்தில் நின்றாள். கோணியைப் பட்டறையிலேயே மறந்து வந்திருந்தேன்.

படிக்கட்டு மேல் ஒவ்வொரு படியாக எகிறி ஏறினான். கூட்டம் விசில் அடித்தது. கரை மேல் நேராகத் திரும்பினான். நான் பக்கத்திலேயே ஓடினேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பாதி தூரம் தாண்டினோம். மழையில் கரை அரித்து ஒற்றையடிப் பாதையாகக் குறுகுகிற இடம் நெருங்கியது. அங்கே இடது பக்கம் கருங்கல் சரிவு, சரிவுக்குக் கீழே தண்ணீர்.

அப்போதுதான் கேட்டது. டிக். இடது கால் கீழே இறங்கும்போது ஒரு டிக். அடுத்த சுற்றில் மறுபடி. பேண்டு சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. இரும்போடு இருபது வருடம் வாழ்ந்தவனுக்குக் கேட்கும். என் வெல்டிங் விட்டுக்கொண்டிருந்தது.

"கங்கா, ஊனுடா."

"இன்னாத்துக்கு? நல்லாத்தான கீது."

"வெல்டிங் போவுது. ஊனு."

டிக் கொஞ்சம் பெரிசாகக் கேட்டது. அவனும் பாதத்தில் உணர்ந்துவிட்டான். முகம் வெளுத்தது. "கால் வர்ல அண்ணாத்தே" என்றான். சின்னப் பிள்ளை மாதிரி சொன்னான்.

கோணி இல்லை. தோளில் பொங்கலுக்கு எடுத்த ஜரிகைத் துண்டு இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் மேடையில் மரியாதை வாங்குவதாக இருந்தேன். இழுத்து அவன் சக்கரத்துக்கு முன்னால் சேற்றில் விரித்தேன்.

"தரை இல்லடா, துண்டு. ஊனு."

வலது கால் இறங்கியது. துண்டு நடுவில் பச்சக்கென்று நின்றது. வண்டி அவன் தொடைக்கு நடுவில் சாய்ந்தது. பேண்டு நின்றது. மைக்கில் எத்திராஜ் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டான். கங்காதரன் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டான். கல்லுக்குக் காத்திருந்தான்.

கூட்டத்தில் யாரோ ஒருத்தன், "இன்னா நைனா, ஸ்டாப்பிங் வந்துருச்சா? எறங்கற ஆளு எறங்கு" என்றான். கரை முழுக்கச் சிரித்தது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு கல்லும் வரவில்லை.

பூங்காவனம் மதகிலிருந்து புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் தலையிலிருந்து கையை எடுத்து, துண்டைப் பார்த்தான். இடது காலைத் தூக்கித் துண்டுக்கு வெளியே, வெறும் சேற்றில் வைத்தான். விரலை அமுக்கிப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆவல பூங்காவனம்."

"இன்னாய்யா ஆவும்? எல்லாரும் அதுமேலதான் நின்னுகினு கீறோம்" என்றாள் அவள்.

வண்டியைத் தூக்க நான் சீட்டைப் பிடித்தேன். இடது பெடல் தன் இரும்புக் கையோடு கழன்று என் காலடியில் விழுந்தது. இன்னும் இரண்டு சுற்று ஓட்டியிருந்தால் அந்தச் சரிவில் விழுந்திருக்கும், அவனும் சேர்ந்து. யாரும் பார்ப்பதற்குள் எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். பூங்காவனம் மட்டும் பார்த்துவிட்டாள். மீதி தூரத்தை அவர்கள் இருவரும் கலங்கல் வரை நேராக நடந்தே போனார்கள். நான் வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

வழுக்கிவிடும் போலிருந்தது, அதனால் நிறுத்தினோம் என்றுதான் ஊரில் சொன்னேன். வெல்டிங் விட்டது, அதுவும் என் வெல்டிங் என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். மாசியில் இரும்பைச் சிவக்கச் சூடேற்றி, புதுக் கை ஒன்றை வைத்து, சாம்பலில் ஒரு பகல் முழுக்க ஆற விட்டுக் கொடுத்தேன். கூட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் கலங்கல் வரை போனான். நடுவில் நான்கு இடத்தில், தேவை இல்லாமலே, காலை ஊனி ஊனி ஏறினான்.

உடைந்த அந்தப் பெடல் கை என் மேஜை டிராயரில் இருக்கிறது. பச்சை இரும்பில் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டுவேன். யார் வைத்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.