அண்ணன் எரிக்க விடாத மரம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் வருஷம் திரும்பிவிட்டது. எட்டாவதோடு நின்றவள் நான். தப்பாக ஏதாவது எழுதிவிடுவேனோ என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். "நீதான் ஆஸ்பத்திரியில கூட இருந்த, நீயே எழுது" என்று அண்ணி சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் பிறந்தது உப்பளம் பகுதியில். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. மூட்டை தூக்கினார், பெயிண்ட் அடித்தார், கடைசியில் நகரத்துப் பூங்காவில் தோட்ட வேலை கிடைத்தது. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் தனக்குச் செய்துகொண்டார். கோபம் வந்தால் பேச மாட்டார். போய் மரத்துக்குத் தண்ணீர் விடுவார்.

பூங்காவின் நடுவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் வந்து அதன் அடிமரத்தை நாடா பிடித்து அளந்தார்கள். எவ்வளவு கரியமில வாயுவை அது உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கத்தானாம். அண்ணன் அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொன்னார்.

"காத்துல இருக்கற கரியமில வாயுவ எல இழுத்துக்குது பாப்பா. தண்ணியும் வெயிலும் சேத்து அத சக்கரையா ஆக்கிடுது. அதுதான் கட்டையா, வேரா, பட்டையா நிக்குது. காஞ்ச கட்டையில பாதி கரிதானாம்."

"அப்ப மரம் செத்துட்டா எல்லாம் வெளிய வந்துடுமாண்ணா?"

"உனக்கு எப்பவும் செத்தா இன்னா ஆவும்ன்றதே கவல. மக்குனா கொஞ்சங்கொஞ்சமா வரும். எரிச்சா ஒரே நாள்ல மொத்தமும் காத்துக்குப் போயிடும். கதவு, பெஞ்சுன்னு செஞ்சி வெச்சா, அது இருக்கற வரைக்கும் உள்ளயே கெடக்கும்."

வருஷங்கள் கழித்து அண்ணனுக்கு நுரையீரல் கெட்டது. பீடியைத் தொடாதவர். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நானும் அண்ணியும் மாறி மாறி அலைந்தோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அப்படியே தூங்கிவிடுவேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போன நாளும் உண்டு. அந்தத் தூக்கத்திலும் போன் அடிக்குமோ என்ற பயம் விடாது.

அந்த மழைக்காலத்துப் புயலில் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அண்ணனிடம் மறைக்கப் பார்த்தேன். எப்படியோ தெரிந்துவிட்டது. ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "அத வெறகா வுட்டுடாதீங்க. பெஞ்சு அடிக்கச் சொல்லு. ஏழுமலைகிட்ட சொல்லு."

ஏழுமலை பூங்காவில் அவரோடு வேலை பார்த்தவர். சொல்கிறேன் என்றேன். சொல்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

பாடை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தெருமுனையில் கட்டை ஏற்றிய ஒரு டெம்போ வந்து நின்றது. கண்கள் சிவக்க ஏழுமலை இறங்கினார்.

"நம்ம மரம்தாம்மா. சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி வாங்கியாந்தேன். அண்ணன் பாத்துக்கிட்ட மரம், அண்ணனோடவே போவட்டும்."

எனக்கு நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழக்கம் இல்லை. "அத எரிக்க வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றேன்.

சித்தப்பாவுக்கு வந்ததே கோபம். "சாவு வூட்டுக்கு வந்த கட்டைய திருப்பி அனுப்புவாங்களா? குடும்பத்துக்கு ஆவுமா இது? எட்டாவது படிச்சிட்டு சயின்ஸ் பேசறியா?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

"அவரு எங்கிட்ட பேசுனதவிட அந்த மரத்துகிட்ட பேசுனதுதான் அதிகம். அதாவது இருக்கட்டும். வண்டிய திருப்புப்பா."

அழுகிற வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஏழுமலை வண்டியைத் திருப்பினார். சவுக்குக் கட்டையும் வரட்டியும் வைத்து அண்ணனைத் தகனம் செய்தோம். சவுக்கு, வெட்ட வெட்ட நடுகிற பயிர். அடுத்த நடவு வளரும்போது அந்தப் புகையைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்று அண்ணனே சொல்லியிருக்கிறார்.

கட்டையைத் திருப்பியதில் இன்றும் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பது தெரியும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், அதனால்தானோ என்று நானும் பயந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், நாங்கள் அடுப்புப் பற்றவைக்காத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், அவ்வளவு கோபத்திலும் சுடுகாடு வரை கூடவே நடந்துபோன சித்தப்பாவுக்கும் நன்றி. ஏழுமலைக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கட்டைகளை நிழலில் அடுக்கி உலரவிட்டு, ஆசாரியைத் தேடிப் பிடித்துப் பெஞ்சுகள் அடித்துப் போட்டிருக்கிறார். மரம் நின்ற இடத்தில் ஒரு கன்றும் நட்டிருக்கிறார். பெரிய மரம் சேர்த்த அளவு அது சேர்க்க எத்தனை காலம் ஆகுமோ. அதுவரை பெஞ்சு தாங்க வேண்டும்.

எனக்கு இப்போது கரையான் கவலை. வாரம் தவறாமல் போய், குனிந்து பெஞ்சின் கால்களைத் தட்டிப் பார்க்கிறேன். அலுத்துப்போய்ச் சற்று நேரம் அதிலேயே உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பூங்காப் பக்கம் போகிறவர்கள் நீங்களும் உட்காருங்கள். எழுந்திருக்கும்போது அடியில் மண் ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஏறியிருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.